ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவே

இந்த இடத்தில் யாரும் இல்லையே? கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்து கொள்ளுங்கள் மிஸ். எனக்கு வலது முழங்கால் மடங்காது, வெளியே நீட்டித்தான் உட்கார வேண்டும். கண்டக்டர் மிதிப்பான். மிதிக்கட்டும். வேண்டுமென்றே மிதிக்கிறவன் அவன், எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே? நீங்கள் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவர் இல்லையே? அந்தக் கோப்பைப் பார்த்ததும் அப்படித் தோன்றியது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா. சரி, சரி. நம்புகிறேன். இப்போதெல்லாம் யார் கையில் என்ன கோப்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

நான் தவமணி. வெள்ளமலைத் தேயிலைத் தோட்டம். நாற்பது வருடம் பதுளைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துவிட்டு, ஓய்வு பெற்று, அம்மாவின் காம்பரா வீட்டுக்கே திரும்பி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. டவுனுக்குப் போகிறேன். பிரதேச செயலகத்துக்கு. மூன்று மணிக்கு முன்னால் ஒரு ஆட்சேபணை மனு கொடுக்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

உடனே திரும்பிப் பார்க்காதீர்கள். முன்னால், மூன்றாவது சீட்டில், பச்சைச் சேலை, கையில் குடை. பார்த்துவிட்டீர்களா? அவள்தான் சந்தனம். என் தங்கை. அவளும் டவுனுக்குத்தான் வருகிறாள். மடியில் பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறாளே, அதற்குள் ஒரு கடுதாசி இருக்கிறது. ஏறும்போதே பார்த்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. அப்படியென்றால் அதை எழுதிக் கொடுத்தது யார்? என்னைக் கேட்டால் எழுதிக் கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம். என்னைக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

எல்லாம் இந்த ஆனி மழையில் ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் நாலாயிரம் குடும்பத்துக்கு ஒரே ஒரு கிராம சேவகர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர் கடிதம், அடையாள அட்டைக்கு அவர் கடிதம், செத்தாலும் அவர் கடிதம். ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் வரிசையில் நின்றவர்கள் உண்டு. அதனால் பிரிவை இரண்டாக்கப் போகிறார்கள் என்று சொன்னபோது கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். நானும் ஒன்று உடைத்தேன். பழையது 512, புதியது 512 ஏ. அந்த ‘ஏ’ எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பின்னால் வால் வைத்த எண் நல்லதற்கில்லை.

பிறகு அளக்க இரண்டு பேர் வந்தார்கள். முக்காலி போல ஒரு கருவி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். சரியான மழை. மழை என்றால், மலையே கரைந்து வாசலில் ஓடுகிற மாதிரி. ஓடிவந்து என் கூரைக்குக் கீழே நின்றார்கள். ஒருவன் சிங்களப் பிள்ளை, கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசுவான். பிளேன்டீ ஊற்றி, கருப்பட்டித் துண்டு வைத்துக் கொடுத்தேன். அரசாங்க ஆட்களை நான் நம்புகிறதில்லை. ஆனால் நனைந்த ஆளுக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியாது.

அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இந்த வேலி என்னாத்துக்கு?” என்று கேட்டான்.

எங்கள் லயம் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை. ஏழாவது என்னுடையது. எட்டாவது சந்தனத்தினுடையது. என் அடுப்படிச் சுவர்தான் அவளுக்கும் அடுப்படிச் சுவர். அவள் அம்மியில் அரைத்தால் என் தட்டுகள் நடுங்கும். உள்ளே ஒன்றும் செய்ய முடியாது என்பதால், நான் வந்த வருடமே வாசலில், மழைத்தண்ணீர் ஓடுகிற கானிலிருந்து கீழே மரக்கறிப் பாத்தி வரைக்கும், காட்டுச் சூரியகாந்திக் குச்சிகளை நெருக்கமாக நட்டுவிட்டேன். அது சாகாத செடி. தலைகீழாக ஊன்றினாலும் துளிர்க்கும். ஒன்பது வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. ஐப்பசியில் பூத்தால் மஞ்சளாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் தெரியாது.

அதைத்தான் கேட்டான். “அதுதான் தம்பி எல்லை. அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்றேன்.

“ரொம்ப நாளாவா?”

“ரொம்ப நாளாக.”

எழுதிக்கொண்டான். அழகான கையெழுத்து. நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அதுதான் முதல் தடவை.

மழை விட்டதும் இரண்டு பேரும் அவள் பக்கம் போனார்கள். அங்கேதான் காரியம் நடந்தது. அரை மணித்தியாலம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுத்தேன், கான் தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. ரொட்டி சுட்ட வாசனை மட்டும் வந்தது. நான் டீ கொடுத்தேன், இவள் ரொட்டி கொடுக்கிறாள். ஏன்? நீங்களே யோசித்துப் பாருங்கள். சும்மா யாராவது அரசாங்க ஆளுக்கு ரொட்டி சுடுவார்களா?

ஆவணியில் அறிவித்தல் ஒட்டினார்கள். கோயில் சுவரில். எல்லாரும் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் 512-இன் எல்லைகளை உரக்க வாசித்தேன். வடக்கே பெரிய பாதை. கிழக்கே தொழிற்சாலைக் கான். மேற்கே மலை உச்சி. தெற்கே... தெற்கே வந்தபோது அதே வரியை இரண்டு தடவை வாசித்தேன். ‘பதினோராம் இலக்க லயத்தின் ஏழாம், எட்டாம் வீடுகளுக்கு இடையிலுள்ள உயிர்வேலி.’

உயிர்வேலி. அழகான சொல்தான். நான் நட்ட குச்சிக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பாருங்கள், மலை இருக்கிறது, ஓடை இருக்கிறது, ஆறு இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு அரசாங்கத்தின் கோடு என் வாசலில் வந்து நிற்கிறது. ஏழு வரைக்கும் 512. எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் 512 ஏ. ஒரே கூரைக்குக் கீழே. அந்தச் சுவரை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் என் மிளகாய்த்தூள் போத்தல், அந்தப் பக்கம் அவளுடைய உப்புச் சட்டி, நடுவில் இரண்டு கிராமத்தின் எல்லை.

அதோடு போனால் பரவாயில்லை. எங்கள் லயம் மண்சரிவு அபாயம் என்று சிவப்புக் குறி போட்ட லயம். எல்லாருக்கும் காணி கொடுத்து வீடு கட்டப் போகிறார்கள். அந்தக் காணி பிரிவுப்படிதான். 512க்கு பழைய பங்களா மேடு. 512 ஏ-க்கு ஆற்றுக்கு அப்பால் நாலாம் நம்பர் மலை. இடையில் இரண்டு மணித்தியால நடை. மழைக் காலத்தில் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகும்.

நான் அவளுக்காகச் சொல்லவில்லை. அவள் எந்த மலைக்குப் போனால் எனக்கென்ன? அம்மாவைப் புதைத்த மேடு அந்தப் பக்கம் போய்விடுகிறது. தண்ணீர்ப் பீலி அந்தப் பக்கம். கோயில் அந்தப் பக்கம். அதற்காகத்தான் ஆட்சேபணை. என் மனுவில் அவள் பெயர் முதல் இரண்டு பக்கத்தில் எங்குமே வராது. மூன்றாம் பக்கத்தில்தான் வரும். அது வேறு.

ஏன் இவ்வளவு என்று கேட்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் அம்மா செத்துப்போனாள். நான் பதுளைப் பக்கம் இருந்தேன். தந்தி எனக்கு மூன்றாம் நாள் வந்தது. ஓடி வந்தேன். வந்தபோது மண் மேட்டில் வைத்த பூ வாடியிருந்தது. இவள் சொன்னாள், “அன்னைக்கே தந்தி அடிச்சேன்கா. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சாம்.” தபால்காரனும் அதையே சொன்னான். பேப்பரிலும் மண்சரிவு என்று போட்டிருந்தது. எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னால் சந்தேகம் வருமா, வராதா? எனக்கு வந்தது. ஒரு நாள் உடலை வைத்திருந்திருக்கலாம். அம்மாவைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஆசை அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் படித்துக்கொண்டிருப்பேன், இவள் அம்மாவோடு கூடை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுவாள். எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்த அதே வருடம் இவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். படிப்பில் நாட்டம் இல்லை.

நான் ஓய்வு பெற்று வந்தபோது அம்மாவின் காம்பரா சுத்தமாக இருந்தது. அத்தனை வருடம் கூட்டிப் பெருக்கி, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து, தோட்டத்துத் துரையிடம் போய்ப் போய்க் கெஞ்சி, வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாளாம். தனக்குச் சேர்த்துக்கொள்ளத்தான், வேறென்ன என்று நினைத்தேன். ஆனால் நான் கேட்காமலே சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாள் என்றால் உள்ளே என்ன இருக்கிறது? அந்த வாரமே குச்சி நட்டேன்.

பிடித்துக்கொள்ளுங்கள், கொண்டை ஊசி வளைவு. இந்த டிரைவர் எப்போதும் இப்படித்தான்.

எங்கே விட்டேன்? ஆம். அறிவித்தல் ஒட்டிய பிறகு எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ளவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் பீலிக்குப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். குற்றமுள்ள மனம். இவளோடு சேர்ந்து ஏதோ செய்திருக்கிறார்கள், என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டாம் வீட்டு இருளாயி மட்டும் ஒரு நாள், “டீச்சரு நட்ட வேலிக்கு அரசாங்கமே தண்ணி ஊத்துதாம்” என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். படிக்காதவர்களுக்கு எல்லாம் விளையாட்டு.

நேராக கிராம சேவகரிடம் போனேன். இப்போது இருக்கிறவர் ஒரு பெண். நிரோஜினி மிஸ். சின்ன வயது, பொறுமைசாலி. பொறுமைசாலிகளை நான் கவனமாகப் பார்ப்பேன். வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர் தள்ளி சந்தனம் நின்றாள். ஓய்வூதியக் கடிதத்துக்கு வந்தாளாம். அன்றைக்கென்று. அந்தக் குடும்பத்துக்கே காது நீளம்.

“யார் காட்டியது இந்த வேலியை?” என்று கேட்டேன்.

“யாரும் வேணுமின்னு செய்யலைங்க டீச்சர். சர்வேக்காரங்க குறிப்புல இருக்கு, அவ்வளவுதான்.”

“குறிப்பைக் காட்டுங்கள்.”

காட்டினார். பிரதி எடுத்து வைத்திருந்தார். நான் வாசித்தேன். ‘குடியிருப்பாளர் ஒருவரின் கூற்றுப்படி இவ்வேலி நீண்டகால எல்லையாகும், இரு பக்கத்தாருக்கும் தொடர்பில்லை.’ பெயர் இல்லை. பாருங்கள் சூழ்ச்சியை. பெயரைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். ரொட்டி வேலை செய்திருக்கிறது.

நிரோஜினி மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், நடுவுல தடுப்புன்னு ஒண்ணு நின்னா அதைத்தான் கோடுன்னு எழுதுவாங்க. ஒண்ணும் இல்லேன்னா கோடு தானா ஓடைக்குப் போயிரும். ஓடை பன்னெண்டாம் வீட்டுக்கு அங்கிட்டுத்தானே இருக்கு. லயம் முழுக்க ஒண்ணாயிரும். இருபத்தி ரெண்டாந் தேதி மறுபடி பார்க்க வருவாங்க. அதுக்கு முந்தி ஆட்சேபணை எழுதிக் குடுங்க.”

நான் எழுத ஆரம்பித்தேன். எழுத்துதானே என் ஆயுதம். மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள் எனக்கு கிளினிக். முழங்காலுக்கு. காலையில் போய் மூன்று மணிக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் வேலி இல்லை.

ஒன்பது வருட வேலி. அடியோடு. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் தறித்துப் பாத்திக்குப் பக்கத்தில் குவித்திருந்தது. அவள் தன் வாசற்படியில் உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். துணியில் ரத்தம். அறுபத்து மூன்று வயது. கவ்வாத்து வெட்டியதெல்லாம் ஆம்பிளைகள்தான், இவளுக்குக் கத்தி பிடிக்கவும் தெரியாது.

“என்னடி செய்தாய்?” என்றேன். ஒன்பது வருடத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“வெட்டிட்டேன்கா.”

“யாரைக் கேட்டு?”

“நட்டப்ப நீங்க யாரைக் கேட்டீங்க?”

பாருங்கள் வாயை. அவள் என் வாசலைப் பார்த்து, “ஒங்க படியில இப்பத்தான் வெயிலு விழுது” என்றாள். உண்மைதான். சாய்ந்த வெயில் என் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. அம்மா உட்கார்ந்து காலை நீட்டுகிற நேரத்து வெயில். அதையும் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ‘தடுப்பு அகற்றப்பட்டதால் வெயில் நேரடியாகத் தாக்குகிறது.’

ஏன் வெட்டினாள்? ஆதாரத்தை அழிக்கத்தான். மறுபடி பார்க்க வருகிறவர்கள் வேலியைப் பார்த்தால், யார் நட்டது, யார் காட்டியது என்று விசாரிப்பார்கள். தன் பெயர் வெளியே வரும். அதனால் வெட்டிவிட்டாள். எனக்கு அப்படித்தான் பட்டது. உடனே மூன்றாம் பக்கத்தை எழுதினேன். ‘எட்டாம் இலக்க வீட்டுச் சந்தனம் என்பவர் பொது எல்லையை அத்துமீறி அழித்துள்ளார், விசாரணை தேவை.’ மறுநாள் காலையில், வெட்டிப் போட்ட குச்சிகளில் நல்லதாக நாற்பத்து மூன்று பொறுக்கி, அதே கோட்டில் திரும்ப நட்டேன். இந்தக் காலோடு. ஒவ்வொன்றுக்கும் குனிந்து, நிமிர்ந்து.

அவள் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மிச் சத்தம் இல்லை. கையில் வெட்டு, அதனால் இருக்கும். அடுத்த நாளும் இல்லை. தட்டுகள் எல்லாம் அசையாமல் இருந்தன. அது என்னமோ, மிஸ், பழகின நடுக்கம் நின்றுபோனால் வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிடுகிறது. பங்களா மேட்டு வீட்டுக்கு நாலு பக்கமும் தனிச் சுவராம். யாருடைய அம்மியும் கேட்காதாம். வசதி என்கிறார்கள்.

என்ன கேட்டீர்கள்?

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அந்தக் குடியிருப்பாளர் யார் என்றா? அதைத்தானே நானும் இவ்வளவு நேரம்...

நான் அந்தப் பிள்ளைக்கு டீ கொடுத்தேன். மழை பெய்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒரு மனுஷி தன் வாசலில் நின்று தன் தங்கையைப் பற்றிச் சொல்வது வேறு, அரசாங்கம் கோடு போடுவது வேறு. அதை இதோடு சேர்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் சொன்னது வேலியைப் பற்றி இல்லை. அவனுக்குத் தமிழ் அவ்வளவு வராது.

இல்லை. வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

சற்று ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் அவர்களிடம், அந்த அரை மணித்தியாலத்தில்? ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டு? நான் இதுவரைக்கும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நிரோஜினி மிஸ் இன்னொரு பக்கம் இருந்த குறிப்பையும் திருப்பிக் காட்ட வந்தார். “எட்டாம் வீட்டம்மா சொன்னதும் இருக்கு டீச்சர்” என்றார். நான்தான் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். பொய்யை ஏன் வாசிக்க வேண்டும் என்று.

டவுன் வந்துவிட்டது. மழையும் வந்துவிட்டது. இங்கே எப்போதும் அப்படித்தான், நாம் இறங்குகிற இடத்தில்தான் கொட்டும்.

மகள், ஒரு உதவி. இந்த உறையைப் பிரித்து மூன்றாம் பக்கத்தை மட்டும் உருவுங்கள். இந்த பஸ் குலுக்கலில் நான் எடுத்தால் கிழிந்துவிடும். ஆம், அதுதான். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காரியாலயத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் வாங்கமாட்டார்களாம். யார் சொன்னதா? யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கோப்புக்குள் வையுங்கள், நனையாது. பிறகு அடுப்பில் போட்டுவிடுங்கள். வாசிக்க வேண்டாம், நல்ல தமிழ் இல்லை அதில்.

குச்சிகளா? இன்று காலையில் பார்த்தேன். ஏழெட்டில் கண் விட்டிருக்கிறது. வேர் பிடிக்க இன்னும் பத்து நாள் ஆகும். இன்றைக்குப் பதினெட்டுதானே. பிடுங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இந்தக் காலோடு நாற்பத்து மூன்று தடவை குனிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆள் கூட இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அதோ, அவள் இறங்கிவிட்டாள். போகட்டும், எனக்கு முன்னால் வரிசையில் நிற்கப் போகிறாள். போய்விட்டாளா? பாருங்கள். இல்லையா? மிதிபலகைக்குக் கீழேயே நிற்கிறாளா? ஏன் நிற்கிறாள்? நான் காரியாலயத்தில் எந்த ஜன்னலில் மனுவைக் கொடுக்கிறேன் என்று பார்க்கத்தான்.

குடையை விரித்துவிட்டாள். அம்மாவின் குடை அது. கொழுந்து மலைக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதற்கென்று வாங்கினது.

நீங்களே சொல்லுங்கள் மகள், ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய குடை?